அம்மாவாக எந்த வயது நல்லது?

ஒரே ஒரு எண் போதும் என்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பை மட்டும் கேட்டால், இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் தொடக்கம் வரை. ஹங்கேரியில் உள்ள செம்மல்வைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இதை இன்னும் கறாராக, 23 முதல் 32 வரை என்று எழுதினார்கள். தாயாகச் சிறந்த வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற தோரணையில் அது பல நாட்டுச் செய்திகளிலும் ஓடியது. ஆனால் அவர்கள் தேடியது என்ன என்று பார்த்தால் விஷயம் சின்னதாகிவிடும். 1980-க்கும் 2009-க்கும் இடையே பிறவிக் குறைபாடு பதிவான 31,128 கர்ப்பங்களை எடுத்துக்கொண்டு, குரோமோசோம் கோளாறுகளைத் தவிர்த்த மற்ற குறைபாடுகள் எந்த வயதுத் தாய்மாருக்குக் குறைவாக இருந்தன என்று பார்த்தார்கள். 22-க்குக் கீழே சுமார் 20 சதவீதம் கூடுதல், 32-க்கு மேலே சுமார் 15 சதவீதம் கூடுதல். அவ்வளவுதான். கரு எளிதாகத் தரிக்குமா, கலையாமல் நிற்குமா, பிரசவம் தாய்க்குப் பாதுகாப்பா, அதெல்லாம் அந்த ஆய்வின் கேள்விகளே இல்லை.

இதுதான் இதில் உள்ள தொல்லை. எந்த வயது நல்லது என்று கேட்டால், எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் கர்ப்பம் தரிக்க ஒரு வயது, பிரசவத்தில் தாய் பத்திரமாக இருக்க ஒரு வயது, சம்பளம் அடிவாங்காமல் இருக்க ஒரு வயது, பிள்ளை நன்றாகப் படித்து வர இன்னொரு வயது. எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுவதில்லை, சில நேர் எதிர்த்திசையில்கூடப் போகின்றன. என்னைக் கேட்டால், எனக்கு எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் உருப்படியான வழி. அந்தக் கணக்கைப் போட்டே வைத்திருக்கிறார்கள், கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால், வயது என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பயம் நியாயமானது.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும், அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம், 37 வயதில் ஏறத்தாழ 25,000, மாதவிடாய் நிற்கும்போது ஆயிரம் அளவில். இவ்வளவில் வாழ்நாள் முழுக்கச் சினைப்பையிலிருந்து வெளிவருவது நானூறு, ஐந்நூறு முட்டைகள்தான். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகின்றன, மாத்திரை சாப்பிட்டு மாதவிடாயைத் தள்ளிப்போட்டாலும் கர்ப்பமாக இருந்தாலும் அந்த அழிவு நிற்காது.

ஆனால் எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய விஷயம் முட்டையின் தரம். ஒவ்வொரு முட்டையும் பிறப்பதற்கு முன்பே தன் செல் பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவைத்துக்கொள்கிறது. அது வெளிவரப்போகும் மாதத்தில்தான் பிரிவு மறுபடி தொடங்கும். 25 வயதில் கருத்தரித்தால் அந்த இடைவெளி கால் நூற்றாண்டு, 42 வயதில் என்றால் நாற்பது வருடத்துக்கும் மேல். அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் சில புரதங்கள், பழைய துணியில் தையல் விடுவதுபோல மெல்ல மெல்லத் தளர்கின்றன. அப்புறம் பிரிவு நடக்கும்போது குரோமோசோம் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ முட்டையில் தங்கிவிடுகிறது. வயதானவர்களுக்குக் கரு தங்காதது, தங்கினாலும் கலைவது, கூடுதல் குரோமோசோமால் குழந்தைக்கு வரும் டவுன் சிண்ட்ரோம் கூடுவது எல்லாவற்றுக்கும் பெரும்பங்கு காரணம் இந்த ஒரே கோளாறுதான்.

இது கருப்பையின் பிரச்சினை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. 45 வயதுப் பெண்ணுக்கு 25 வயதுக்காரர் தானமாகக் கொடுத்த முட்டையிலிருந்து உருவான கருவை வைத்தால், கர்ப்பம் நிற்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட அந்த 25 வயதுக்காரருக்கு உரிய அளவில் இருக்கிறது. அதாவது முட்டைக்கு என்ன வயது என்பதே முக்கியம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், கருவைச் சுமக்கும் இதயமும் ரத்தக் குழாய்களும் 45 வயதுடையவைதான், அதன் விளைவு தனி.

சரி, மாதக் கணக்கில் வாய்ப்பு எவ்வளவு? இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, முயலும் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு. 40 வயதில் அது பத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. இளம் வயதிலேயேகூட நான்கில் மூன்று மாதங்கள் தோல்விதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, இரண்டாவது மாதமே கலங்கிப்போய் டாக்டரைத் தேடுகிறார்கள். 40-களின் நடுவில் சொந்த முட்டையில் இயல்பாகக் கருத்தரிப்பது மிக அரிது, மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும் அரிதுதான். மாதவிடாய் வருகிறது, அதனால் நேரம் இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகச் சேதம் விளைவிக்கும் தவறான நம்பிக்கை என்பேன். சராசரியாக 51 வயதில் மாதவிடாய் நிற்கிறது, கருத்தரிக்கும் திறன் அதற்குப் பல வருடங்கள் முன்பே பெரும்பாலோருக்கு முடிந்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 35 வயதுப் பிறந்தநாளன்று கதவு மூடிவிடும் என்பதுபோல ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்கு ஆதாரம் தேடிப்போனால் வேடிக்கையாக இருக்கும். 1982-ல் பிரான்சில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. கணவருக்கு விந்தணுவே இல்லாததால் தானமாகப் பெற்ற விந்தை மருத்துவமனையில் செலுத்திக்கொண்ட 2,193 பெண்களைக் கொண்டது. 12 மாதவிடாய்ச் சுழற்சிகளில் கருத்தரித்தவர்கள் 30 வயது வரை 73, 74 சதவீதம், 31 முதல் 35 வரை 61 சதவீதம், அதற்கு மேலே 54 சதவீதம். அதை வெளியிட்ட அமெரிக்க மருத்துவ இதழின் தலையங்கம், பெண்கள் இருபதுகளில் பிள்ளை பெற்றுக்கொண்டு முப்பதுகளில் வேலையைப் பார்க்கலாமே என்கிற அளவுக்குப் போய்விட்டது. உறைய வைத்த விந்து, அதுவும் மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் என்ற சூழலில் கிடைத்த எண்களை வீட்டில் முயலும் தம்பதிகளுக்கு அப்படியே பொருத்துவது சரியாக வராது என்று உடனே எதிர்ப்பும் எழுந்தது. ஆனாலும் பயம் தங்கிவிட்டது.

இன்னொன்று இதைவிட விசித்திரம். ‘35 முதல் 39 வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு ஒரு வருடம் முயன்றாலும் கர்ப்பம் தரிக்காது’ என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண், 1670 முதல் 1830 வரையிலான பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து வந்தது. மின்சாரமும் ஆன்டிபயாடிக்கும் இல்லாத காலத்துப் பெண்கள். நம் காலத்து ஆய்வுகள் இவ்வளவு இருட்டாக இல்லை. ஐரோப்பாவின் ஏழு மையங்களில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறை உறவு கொண்டவர்களில் 27 முதல் 34 வயதுப் பெண்களில் 86 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் கருத்தரித்தார்கள், 35 முதல் 39 வயதில் 82 சதவீதம் பேர். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பாதாளம் இல்லை.

வட அமெரிக்காவில் ஹட்டரைட் என்றொரு மதக் குழு, கருத்தடையே கூடாது என்று வாழ்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களை ஆராய்ந்தபோது, ஒரு பெண் கடைசிப் பிள்ளையைப் பெற்ற சராசரி வயது 41 அளவில் இருந்தது. கருத்தடை வருவதற்கு முந்தைய காலத்தில் 38 வயதிலோ 40 வயதிலோ குழந்தை பெறுவது எங்குமே அதிசயம் இல்லை. அது எட்டாவது, பத்தாவது குழந்தையாக இருக்கும், அவ்வளவுதான். இன்று புதிதாக நடப்பது, முதல் குழந்தையே அந்த வயதுக்குத் தள்ளிப்போவது. இது வேறு விதமான பந்தயம். பத்துப் பெற்றவளுக்குப் பதினோராவது தரிக்கவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. 39-ல் முதல்முறை முயல்பவளுக்கு, தனக்கு ஏதாவது தடை இருக்கிறதா என்பதே அப்போதுதான் தெரியவரும், தெரிந்தபின் சரிசெய்ய நேரம் இருக்காது. அமெரிக்காவில் முதல் பிரசவத்தின் சராசரி வயது 1970-ல் 21.4, 2023-ல் 27.5. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, தென் கொரியாவில் 33.

அப்படியானால் அந்த 35 எங்கிருந்து வந்தது? 1970-களில், கருவைச் சுற்றியுள்ள பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் குரோமோசோம் கோளாறு பார்க்கும் பரிசோதனை பரவத் தொடங்கியது. அந்த ஊசியாலேயே கர்ப்பம் கலையும் வாய்ப்பும் உண்டு, அதை 200-ல் ஒன்று என்று அப்போது கணக்கிட்டார்கள். குழந்தைக்கு ஏதாவதொரு குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பு அதே 200-ல் ஒன்று என்ற அளவை எட்டுவது தாய்க்கு 35 வயதாகும்போது. ஊசி போடுவது ஆபத்தா, போடாமல் விடுவது ஆபத்தா என்ற இரண்டு தட்டும் சமமாகிற இடம், அதனால் அங்கே ஒரு கோடு போட்டார்கள். முழுக்க நிர்வாக வசதிக்கான கோடு. இன்று அந்தக் கணக்கே காலாவதி: ஊசியின் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது, பத்து வாரத்திலேயே தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வைத்து முதற்கட்டச் சோதனை செய்ய முடிகிறது, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2007-லேயே வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை வாய்ப்பைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. கோடு மட்டும் நிற்கிறது.

டவுன் சிண்ட்ரோமை எடுத்துக்கொண்டால், 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,200 பிரசவத்தில் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று, 45-ல் 30-ல் ஒன்று. மூன்றரை மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று சொன்னால் நெஞ்சு படபடக்கும். அதே எண்ணைத் திருப்பிச் சொன்னால் 35-ல் 99.7 சதவீதம், 40-ல் 99 சதவீதம் குழந்தைகளுக்கு அந்தக் கோளாறு இல்லை. இரண்டும் உண்மைதான். மடங்குக் கணக்கை மட்டும் சொல்லும் எந்தக் கட்டுரையையும் பாதிதான் நம்ப வேண்டும், செய்திகளில் வருவதில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே.

கருச்சிதைவு விஷயத்தில் இந்த ஆறுதல் செல்லாது. இதில் மடங்கும் பெரிது, எண்ணும் பெரிது. நார்வேயில் 2009 முதல் 2013 வரை பதிவான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்ததில், மிகக் குறைந்த சிதைவு 25 முதல் 29 வயதில், சுமார் 10 சதவீதம். 30-க்குப் பிறகு ஏறத் தொடங்கி, 45-ஐத் தாண்டியவர்களுக்கு 53 சதவீதம், அதாவது பாதிக்கு மேல். கர்ப்பம் தரித்தால் போதும் என்று காத்திருப்பவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. தரிக்கும் வாய்ப்பு குறைகிறது, தரித்தது நிற்கும் வாய்ப்பும் குறைகிறது, இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு சிதைவும் சில மாதங்களையும் விழுங்கிவிடுகிறது, மனதைத் தேற்றிக்கொள்ள ஆகும் காலம் இந்தக் கணக்கில் வராது.

தாயின் உடம்புக்கு வருவோம். வயது கூடக் கூடக் கர்ப்ப காலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழே அமைந்து கருப்பை வாயை மறைப்பது, சிசேரியன் எல்லாம் கூடுகின்றன. இவற்றில் முக்கால்வாசி, ஒழுங்கான கண்காணிப்பு இருந்தால் சமாளிக்கக்கூடியவை. ஆனால் 40 வேறு கதை. அமெரிக்காவில் 2022-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்குத் தாய் இறப்பு 25 வயதுக்குக் கீழ் 14.4, 25 முதல் 39 வரை 21.1, 40-லும் அதற்கு மேலும் 87.1. ஒரு லட்சத்தில் 87 என்பது அப்போதும் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழேதான், ஆனால் 39 வரை மெல்ல ஏறும் கோடு அங்கே சட்டென்று நிமிர்கிறது. பிரசவத்துக்கு வேளைக்கு ரத்தம் ஏற்ற, அறுவை செய்ய வசதியில்லாத இடங்களில் அந்த ஏற்றம் இன்னும் கொடூரமாக இருக்கும். ஒரே 41 வயது இரண்டு ஊர்களில் இரண்டு விதமான அபாயம்.

மறுமுனையில் 20-க்குக் கீழே. இதைப் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை, நல்லதல்ல. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 15 முதல் 19 வயதுப் பெண்களின் இறப்புக்கான முன்னணிக் காரணங்களில் கர்ப்பமும் பிரசவமும் அடங்கும். வலிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று, எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் எல்லாம் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைவிட இவர்களுக்கு அதிகம். மிகச் சிறிய வயதில் இடுப்பெலும்பே முழுதாக வளர்ந்திருக்காது, பிரசவம் நாள்கணக்கில் இழுத்துச் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் கசியும் நிலைக்கு ஆளான பெண்கள் உலகில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இளமையிலேயே பெற்றால் உடம்பு தாங்கும் என்ற பேச்சு 20-க்கு மேலே ஓரளவு உண்மை, கீழே பொய்.

இவ்வளவு நேரமும் பெண்ணின் வயதையே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆணை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். விந்தணு தினமும் புதிதாக உற்பத்தியாவதால் ஆணுக்கு வயதே கிடையாது என்று ஒரு நினைப்பு. புதிதாக உற்பத்தியாவதுதான் சிக்கலே, ஒவ்வொரு முறை டிஎன்ஏவைப் படியெடுக்கும்போதும் பிழை சேர்கிறது. ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுக்களை முழுமையாகப் படித்து 2012-ல் வெளியிட்டார்கள்: தந்தையின் வயதில் ஒவ்வொரு வருடத்துக்கும் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு புதிய மரபணு மாற்றங்கள் கூடுகின்றன, 20 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 25, 40 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 65. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை, ஆனாலும் குட்டையான கை கால்களோடு பிறக்கும் ஒரு வகை எலும்பு வளர்ச்சிக் கோளாறு வயதான தந்தையரின் பிள்ளைகளிடம் கூடுதல் என்பது வெகு காலமாகத் தெரிந்தது. மேலே சொன்ன 2004 ஆய்விலேயே, 35-ஐத் தாண்டிய பெண்களுக்கு ஓராண்டில் கருத்தரிக்காமல் போகும் வாய்ப்பு, கணவரின் வயது 35-லிருந்து 40-க்குப் போகும்போது 18 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் கூடியது. மனைவிக்கு வயதாகிறது என்று கவலைப்படும் கணவர்கள் கண்ணாடியையும் ஒருமுறை பார்க்கலாம்.

அதான் விஞ்ஞானம் இருக்கிறதே, சோதனைக் குழாய்க் குழந்தை இருக்கிறதே என்பார்கள். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்ததிலிருந்து இது எத்தனையோ லட்சம் குடும்பங்களுக்குப் பிள்ளை கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐவிஎஃப் எனப்படும் இந்த முறை அடைபட்ட கருக்குழாயைத் தாண்டிப் போகும், பலவீனமான விந்தணுவைத் தாண்டிப் போகும், முட்டையின் வயதைத் தாண்டிப் போகாது. 43-க்கு மேல் சொந்த முட்டையில் ஒரு முறை செய்தால் வெற்றி வாய்ப்பு 5 சதவீத அளவில்தான். ஐம்பதை நெருங்கி இரட்டைக் குழந்தை பெற்ற நடிகை என்று செய்தி வந்தால், பெரும்பாலும் வேறொரு இளம்பெண்ணின் முட்டை அல்லது இளமையில் உறையவைத்த சொந்த முட்டை. அதைச் சொல்லாமல் விடுவது அவரவர் உரிமை, ஆனால் படிக்கிறவர்களுக்குத் தப்பான கணக்கு மனதில் பதிகிறது.

முட்டையை உறையவைப்பது 2012 வரை பரிசோதனை முறை என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது, பிறகு அந்த முத்திரை நீக்கப்பட்டது, இரண்டே வருடத்தில் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் ஊழியர்களுக்கு அந்தச் செலவைத் தருவதாக அறிவித்தன. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, நிபந்தனையோடு. ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 34 வயதில் 10 முட்டைகள் போதும், 37-ல் 20 வேண்டும், 42-ல் 61 வேண்டும் என்று 2017-ல் ஒரு கணக்கு வந்தது. ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு கிடைத்தாலே நல்ல அறுவடை, 42-ல் அதுவும் கிடைக்காது. நியூயார்க்கில் ஒரு மையத்தின் பதினைந்து ஆண்டு அனுபவத்தை 2022-ல் வெளியிட்டபோது, உறையவைத்தவர்களின் சராசரி வயது 38-ஐத் தாண்டியிருந்தது, திரும்பி வந்து பயன்படுத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. 38-க்கு முன்பே உறையவைத்து, 20 முட்டைகளோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களுக்கு 70 சதவீதம். அதாவது இந்த முறை நன்றாகப் பலன் தரும் வயதில் யாருக்கும் இது தேவை என்று தோன்றுவதில்லை, தேவை என்று தோன்றும் வயதில் பலன் குறைந்துவிடுகிறது.

ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை விற்பதில் பெரிய வியாபாரமே நடக்கிறது. சினைப்பையில் முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்பதை இது ஓரளவு காட்டும். ஐவிஎஃப் செய்யும்போது எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். ஆனால் இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை இது சொல்லாது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேரைப் பின்தொடர்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். குறைவாக வந்தால் பதற வேண்டாம், அதிகமாக வந்தால் நிம்மதியாகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

உடம்பை விட்டு வெளியே வந்தால் எண்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் நகர்கின்றன. அமெரிக்கப் பெண்களைப் பற்றிய 2011 ஆய்வொன்றில், முதல் குழந்தையை ஒவ்வொரு வருடம் தள்ளிப்போடும்போதும் சம்பாத்தியம் சுமார் 9 சதவீதம் கூடியது. வேலையில் கால் ஊன்றுவதற்கு முன் குழந்தை பிறந்தால் அந்த இழப்பு பின்னாலேயே வரும், ஊன்றிய பிறகு வந்தால் சம்பளம் குறைந்தாலும் உயரத்திலிருந்து குறைகிறது. இதைப் பெண்ணின் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, குழந்தை பிறந்த பிறகு தந்தையின் வருமானக் கோடு பெரும்பாலான நாடுகளில் அசைவதே இல்லை. உடம்பு சீக்கிரம் என்கிறது, சம்பளச் சீட்டு பொறு என்கிறது, நடுவில் இருப்பவளிடம் போய் எந்த வயது நல்லது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

பிள்ளைகள் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். 1960-லிருந்து 1991 வரை பிறந்த 15 லட்சம் சுவீடன் மக்களை ஆராய்ந்து 2016-ல் வந்த முடிவு, நாற்பதுகளில் பெற்ற தாயின் பிள்ளைகள்கூட உயரத்திலும் படிப்பிலும் உடல்தகுதியிலும் பின்தங்கவில்லை, முன்னேதான் இருந்தார்கள். காரணம் தாயின் வயது இல்லை, காலம். 1950-ல் பிறந்த ஒருத்தி 20 வயதில் பெற்றால் குழந்தை 1970-ல் பிறக்கிறது, 40-ல் பெற்றால் 1990-ல். இருபது வருடத்தில் மருத்துவமும் கல்லூரிகளும் வளர்ந்துவிட்டன, அந்தப் பலன் முட்டையின் வயதால் வரும் நஷ்டத்தை விழுங்கிவிட்டது. நாடு வளர்ந்துகொண்டே போனால்தான் இது பலிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாயின் சொந்த ஆரோக்கியத்தைப் பின்னாளில் அளந்து பார்த்த 2005 அமெரிக்க ஆய்வு, முதல் பிரசவ வயது சுமார் 34 வரை தள்ளிப்போகப் போக உடல்நலக் குறைகள் குறைந்துகொண்டு வந்து, அதன் பிறகு வேகமாகக் கூடுவதாகக் கண்டது. அதிலும் படிப்பு, பணம், நிலையான துணை எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்ள இந்தத் துறையைப்போல வேறு துறை கிடையாது. நூறு வயதைத் தொட்ட பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, 40-க்குப் பிறகு குழந்தை பெற்றவர்கள் நூறு வரை வாழ்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று வந்தது. உடனே ‘தாமதமாகப் பெற்றால் நீண்ட ஆயுள்’ என்று தலைப்புகள். தலைகீழாகப் படிக்க வேண்டியது அது: மெதுவாக மூப்படையும் உடம்பு அமைந்தவர்களுக்கு 40-க்கு மேலும் கருத்தரிக்க முடிகிறது, அதே உடம்பு நூறு வரையும் ஓடுகிறது. 41-ல் பெற்றுக்கொள்வதால் ஆயுள் கூடாது. மார்பகப் புற்றுநோயில் மட்டும் உண்மையான தொடர்பு தெரிகிறது, இளவயதில் முதல் பிரசவம் ஆனவர்களுக்கு நீண்ட கால அபாயம் குறைவு, ஆனால் தாமதமாகப் பெற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு பல வருடங்கள் அது சற்றுக் கூடித்தான் இறங்குகிறது. இதற்காகப் பிள்ளை பெறும் வயதை முடிவு செய்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தக் கணக்கு. 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கருத்தரிக்கும் திறன் வயதோடு குறைவதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, விரும்பிய எண்ணிக்கையில் பிள்ளைகள் பெற முயற்சியை எந்த வயதுக்குள் தொடங்க வேண்டும் என்று வெளியிட்டார்கள். ஐவிஎஃப் வேண்டாம், 90 சதவீத உறுதி வேண்டும் என்றால்: ஒரு பிள்ளைக்கு 32, இரண்டுக்கு 27, மூன்றுக்கு 23. தேவைப்பட்டால் ஐவிஎஃப் செய்துகொள்ளத் தயார் என்றால் 35, 31, 28. நான்கில் மூன்று வாய்ப்பு போதும், ஐவிஎஃப் இல்லாமல் என்றால் 37, 34, 31. பாதிக்குப் பாதி அமைந்தால் சரி என்பவர்களுக்கு 41, 38, 35.

இந்தப் பன்னிரண்டு எண்களில் பெரும்பாலான வாக்குவாதங்கள் அடங்கிவிடுகின்றன. 36 வயதில் ஒரு குழந்தை போதும், பிறக்காவிட்டாலும் வாழ்க்கை இருக்கிறது என்பவள் தாமதித்துவிடவில்லை. 29 வயதில் கண்டிப்பாக மூன்று வேண்டும் என்பவள் ஏற்கெனவே கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள், அவளைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை, அவளும் படுவதில்லை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, அதையும் சேர்த்தால் முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓடிவிடும். இரண்டாவது குழந்தைக்கு முயலும்போது மறுபடி மருத்துவமனை வாசலில் நிற்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான், முதல் குழந்தை எளிதாகப் பிறந்தது அடுத்ததற்கு உத்தரவாதமாகாது.

இவை சராசரி எண்கள் என்பதால் சிலருக்கு முன்கூட்டியே கணக்கை மாற்ற வேண்டிவரும். தாய்க்கோ அக்காவுக்கோ 45-க்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால், சினைப்பையில் அறுவை நடந்திருந்தால், புற்றுநோய் சிகிச்சை எடுத்திருந்தால், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால், மேலே உள்ள வயதுகளிலிருந்து சில வருடங்களைக் கழித்துக்கொண்டு சீக்கிரமே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு வருடம் முன்னதாகவே நிற்கிறது. மற்றவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, 35-க்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு வாருங்கள், 35-ஐத் தாண்டினால் ஆறு மாதம், 40-ஐத் தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம். கர்ப்பத்துக்கு முயலத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், எந்த வயதானாலும். அப்புறம், முதல் முறை போகும்போதே இருவரும் சேர்ந்து போங்கள், குழந்தை தரிக்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனைதான் இருப்பதிலேயே எளிது, செலவும் குறைவு, ஆனாலும் பல வீடுகளில் மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அதற்கு நாள் குறிக்கிறார்கள்.